எண்ணெய் எங்கே போகுது? காடிக்காரங்க கண்டது

செந்தூல் மைவி
காடிக்கு (காருக்கு) ஊத்துற எண்ணெய், அதாவது பெட்ரோல் செலவைக் குறைக்கணும்னு யாரைக் கேட்டாலும் "மெதுவா ஓட்டு, டயருக்குக் காத்து அடி"னு முடிச்சிடுறாங்க. இங்க அதைத் தாண்டிப் பேசுவோம். எந்தக் கோளாறு எண்ணெயைக் குடிக்குது, எப்படிக் கண்டுபிடிக்கிறது, இதை மட்டும் எழுதுங்க. சொந்தக் கதை வேணாம்.

முதல்ல அளக்கிறதைச் சொல்லிடுறேன். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு காடி மீட்டர்ல வர்ற எண் பெரும்பாலும் நிஜத்தை விடக் கூடத்தான் இருக்கும். ஒரே ஸ்டேசன், ஒரே பம்ப். பம்ப் தானா நிக்கிற முதல் 'டக்' சத்தத்தோட நிறுத்தி, டிரிப் மீட்டரை 0 ஆக்குங்க. அடுத்த தடவையும் அதே 'டக்'ல நிறுத்தி, ஓடின கிலோமீட்டரை ஊத்துன லிட்டரால வகுங்க. மூணு தடவை சராசரி எடுத்தாத்தான் நம்பலாம். 30 லிட்டர் ஊத்துறப்போ பம்ப் ஒரு லிட்டர் முந்தி நின்னாலே கணக்கு 3 சதவீதம் பிசகிடும்.

'டக்'குக்கு அப்புறமும் காசை முழு வெள்ளியாக்க (ரிங்கிட்) அமுக்கிட்டே இருக்கிறவங்களுக்கு: டேங்க் ஆவியைப் பிடிக்கிற கரி டப்பாவுக்குள்ள பெட்ரோலே போயிடும். எண்ணெய் ஊத்தின உடனே ஸ்டார்ட் ஆகாம இழுக்குற காடியில முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான்.

மாசம் 1,500 கிலோமீட்டர் ஓடுற காடி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்துட்டு இருந்து 11க்கு இறங்கிட்டா, 107 லிட்டர் போன இடத்துல 136 லிட்டர் போகுது. மலேசிய அரசோட பெட்ரோல் மானியத் திட்டமான பூடி 95 தொடங்கினப்போ இருந்த 1.99 வெள்ளி விலையில போட்டாலும் மாசம் 58 வெள்ளி கூடுதல்.

பிறை போர்மேன்
14லேருந்து 11க்கு இறங்கிச்சுன்னா ஓட்டுற விதத்தைக் குறை சொல்லாதீங்க. அது பழுது. பட்டறைக்கு வர்ற பழைய காடிகள்ல அடிக்கடி பார்க்குறது ரெண்டு.

ஒண்ணு, தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம பிடிச்சு வைக்கிற வால்வு. "நம்ம ஊரு சூடு, இது எதுக்கு"னு கழட்டித் தூக்கிப் போட்டுட்டு மூடி வச்சிருப்பாங்க. எஞ்சின் சூடேறாம இருக்கிறது நல்லதுன்னு நினைப்பு. எஞ்சின் 85, 90 டிகிரியில வேலை செய்யத்தான் செஞ்சிருக்கு. தெர்மோஸ்டாட் இல்லாத காடி ஜாம்ல சரியா இருக்கும், ஹைவேயில காத்து அடிக்க அடிக்க 65, 70க்கு இறங்கிடும். எஞ்சின் இன்னும் சூடாகலைன்னு கம்ப்யூட்டர் எண்ணெயைக் கூட்டி அடிக்கும். ஆட்டோ கியர்ல, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகவும் தாமதமாகும், அதனால ஆர்பிஎம் ஏறியே நிக்கும். ரெண்டும் சேர்ந்துதான் டேங்கைக் காலி பண்ணுது.

கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. காலையில குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க, ஃபேன் பக்கம் கை போகாம. தெர்மோஸ்டாட் நல்லா இருந்தா ஹோஸ் பல நிமிஷம் குளிர்ச்சியாவே கிடந்து, திடீர்னு சுடும். ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துலயே மெல்ல மெல்ல வெதுவெதுன்னு ஏறினா, தெர்மோஸ்டாட் இல்லை, இல்லைன்னா திறந்தபடி சிக்கியிருக்கு. இப்ப வர்ற பல காடிகள்ல சூட்டு முள்ளே இல்லை, நீல விளக்கு மட்டும்தான். அது அணைஞ்சா போதும்னு விட்டுடாதீங்க, 55, 60லேயே அணைஞ்சிடும்.

இன்னொண்ணு, பிரேக் பிடிச்சபடி ஓடுறது. பத்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் மிதிக்காம ஓட்டிட்டு இறங்கி, நாலு ரிம் பக்கத்துலயும் புறங்கையைக் கொண்டு போங்க. டிஸ்க்கைத் தொட வேணாம், தோலு ஒட்டிக்கும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடிச்சா, பெரும்பாலும் அந்தப் பக்கத்து காலிப்பரோட (பிரேக் பேடை அமுக்குற பாகம்) சிலைட் பின் காய்ஞ்சிருக்கும். கழட்டித் துடைச்சு சிலிக்கான் கிரீஸ் போடணும். சாதா கிரீஸ் போட்டா ரப்பர் ஊதி, பழையபடி இன்னும் மோசமா சிக்கும். பின்னாடி டிரம் சூடா இருந்தா, பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் கேபிளை யாரோ ரொம்ப இழுத்துக் கட்டியிருக்காங்கன்னு அர்த்தம்.

ஏர் ஃபில்டர் மாத்தினா எண்ணெய் மிச்சமாகும்கிறது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. பழைய புரோட்டோன் இஸ்வாராவுக்குச் சரி. இன்ஜெக்‌ஷன் காடியில காத்து குறைஞ்சா எண்ணெயும் குறைஞ்சுதான் வரும். வேகம் எடுக்கிறதுதான் மந்தமாகும். மாத்துங்க, ஆனா அந்த 58 வெள்ளி திரும்பி வரும்னு எதிர்பார்க்காதீங்க.

ஆயர் ஈத்தாம் பெசா
பினாங்குல பாயா தெருபோங்லேருந்து துன் சார்டோன் ரோடு ஏறி பாலேக் பூலாவ் இறங்குறப்போ நியூட்ரல் போட்டு உருட்டுறவங்களைப் பார்க்கலாம். மிச்சம் பிடிக்கிறதா நினைப்பு. கணக்கு நேர்மாறு. கியர்ல இருக்க, காலை எடுத்துட்டா, ஆர்பிஎம் 1,500க்கு மேல இருக்கிற வரைக்கும் இன்ஜெக்டர் பெரும்பாலும் எண்ணெயை அடிக்கவே அடிக்காது, சக்கரமே எஞ்சினைச் சுத்தும். நியூட்ரல்ல எஞ்சின் அணையாம இருக்க எண்ணெய் போய்க்கிட்டே இருக்கும். அந்த வளைவுகள்ல எஞ்சின் பிடிமானமும் போய், பிரேக் காஞ்சு வாசம் வந்திடும். தாழ்ந்த கியர் போட்டு இறங்குங்க.

பூச்சோங் அக்கா
காடியோட ஓபிடி சாக்கெட்ல (பட்டறைக்காரங்க கருவி மாட்டுற இடம்) சொருகினா எண்ணெய் மிச்சம்னு பாசார் மாலாம்ல (இரவுச் சந்தை) விக்கிற பிளக்கைப் பத்தி யாரும் பேசலையே. உடைச்சுப் பார்த்தா உள்ள விளக்கு மின்னுறதைத் தவிர உருப்படியா ஒண்ணும் இருக்காது. எண்ணெய்க் குழாய்ல மாட்டுற காந்தமும் அந்த ரகம்தான். காடியோட எண்ணெய் மூடியில ஆக்டேன் 95னு போட்டிருந்தா 97 ஊத்துறதும் வீண்.

டயர் காத்தை எல்டிபி ஹைவே ஜாம்ல ஊர்ந்து வந்து ஸ்டேசன்ல அளக்காதீங்க. சூட்டுல 3, 4 பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காத்தை இறக்கிட்டா காலையில குறைஞ்சு நிக்கும். வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேசன்ல, காலையில. டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கர்ல 230 கேபிஏன்னா 33 பிஎஸ்ஐ. மிச்சம்னு 40க்கு ஏத்தினா நடு ரப்பர் தேய்ஞ்சு, மழையில பிரேக் வழுக்கும்.

அப்புறம் பூட், அதான் பின்னாடி சாமான் வைக்கிற இடம். தைப்பூசத்துக்கு ஏத்தின தண்ணீர்ப் பந்தல் அண்டா தீபாவளி வரைக்கும் அங்கேயே கிடக்கும். ஜாம்ல நின்னு நின்னு கிளம்புற காடிக்கு அந்தப் பாரம் ஒவ்வொரு தடவையும் செலவு.

பழைய கிள்ளான் ரோடு
வேகத்தையும் கணக்கோட பாருங்க. 110லேருந்து 90க்கு இறங்கினா காத்து எதிர்ப்பு மூணுல ஒரு பங்கு குறையும். டயர் உராய்வு அப்படியே இருக்கிறதால எண்ணெய் அவ்வளவு குறையாது, 15 சதவீதம்னு வச்சுக்கலாம். கோலாலம்பூர்லேருந்து பினாங்கு 350 கிலோமீட்டர்னா மூணு, மூணரை லிட்டர், அதே 1.99 விலையில ஏழு வெள்ளிக்குள்ள. அதுக்கு 40 நிமிஷம் கூட உட்காரணும். எனக்கு அது பேரம் இல்லை. 100 போதும்.

செந்தூல் மைவி
போர்மேன் அண்ணே, தெர்மோஸ்டாட் திரும்பப் போடச் சொன்னா சில பட்டறையில "போட்டா சூடேறும்"னு பயமுறுத்துறாங்களே?

பிறை போர்மேன்
போட்டு சூடேறுதுன்னா ரேடியேட்டர் அடைச்சிருக்கு, இல்லைன்னா ஃபேன் வேலை செய்யலை. அதை மறைக்கத்தான் முன்னாடி கழட்டியிருப்பாங்க. முதல்ல அதைச் சரி பண்ணுங்க தம்பி. வாங்குறப்போ மேல அடிச்சிருக்கிற டிகிரி அந்தக் காடிக்கு உரியதான்னு பாருங்க, ரப்பர் வளையம் புதுசு போடுங்க. தெர்மோஸ்டாட்ல குட்டியா ஆடுற ஊசி ஒண்ணு இருக்கும், அது மேல் பக்கம் வரணும். காத்து அது வழியாத்தான் வெளியேறும். கீழ வச்சுப் பூட்டினா உள்ள காத்து தங்கி நிஜமாவே சூடேறும், அப்ப அந்தப் பட்டறைக்காரர் சொன்னதுதான் சரின்னு ஆயிடும்.