‘முன்னாள் தொகுதி’ என்று எழுதலாமா? ஸ்காபரோ–ரூஜ் றிவரை முன்வைத்து ஒரு சொல் தேடல்

மடல் 1: ஸ்காபரோவிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் நாடாளுமன்றத் தொகுதிகளைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். நான் எடுத்துக்கொண்டது ஸ்காபரோ–ரூஜ் றிவர். ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில், மால்வேர்னும் மில்லிகனும் அடங்கிய தொகுதி. 1988 பொதுத் தேர்தலில் முதல் உறுப்பினரை ஒட்டாவாவுக்கு அனுப்பியது, 2015இல் இல்லாமற்போனது. இந்த ‘இல்லாமற்போன’ என்பதற்கு என்ன சொல் போடுவது? பார்க்கும் இடமெல்லாம் ‘முன்னாள் தொகுதி’ என்றே இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை.

‘முன்னாள்’ பதவியில் இருந்து இறங்கியவருக்கு உரிய அடைமொழி. முன்னாள் அமைச்சர், முன்னாள் அதிபர் என்கிறோம். ஆள் இருக்கிறார், பதவிதான் போய்விட்டது. தொகுதிக்கு அதைச் சேர்த்தால் குழப்பம் வருகிறது. டெரெக் லீ லிபரல் கட்சியின் சார்பில் 1988 முதல் 2008 வரை ஏழு பொதுத் தேர்தல்களில் இங்கே தொடர்ந்து வென்றவர். 2011இல் அவர் போட்டியிடவில்லை. அன்றிலிருந்து இது ‘டெரெக் லீயின் முன்னாள் தொகுதி’. ஆனால் தொகுதி அப்போது உயிரோடுதான் இருந்தது. 2015க்குப் பிறகு தொகுதியே இல்லை. அப்போதும் அதே சொற்றொடர்தான். வாசிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

2011ஐப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. மே 2ஆம் திகதி இரவு. புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன், நூற்றுக்கு நாற்பதுக்குச் சற்றுக் கூடுதலான வாக்குகளோடு வென்றார். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் இரண்டாவது. இருபத்து மூன்று ஆண்டுகள் தொகுதியை வைத்திருந்த லிபரல் கட்சி மூன்றாவது. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் வந்த பெண், கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினர். எங்கள் அடுக்குமாடியில் அன்று எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை. இந்தத் தொகுதியின் பெயரைச் சரியான சொல்லோடு எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

அடுத்த தேர்தலுக்குள் எல்லை மாறிவிட்டது. மக்கள்தொகைக்கு ஏற்பப் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மறுவரையறையில் நாட்டின் மொத்த இடங்கள் 308இலிருந்து 338 ஆகின. ஸ்காபரோ–ரூஜ் றிவரின் நிலம் பெரும்பாலும் ஸ்காபரோ வடக்கு, ஸ்காபரோ–ரூஜ் பார்க் என்ற இரண்டு புதிய தொகுதிகளுக்குப் பிரிந்து போனது. ராதிகா ஸ்காபரோ வடக்கில் நின்று லிபரல் கட்சியின் ஷோன் சென்னிடம் தோற்றார். ரூஜ் பார்க்கில் லிபரல் வேட்பாளர் கெரி ஆனந்தசங்கரி வென்றார். அந்த ஆண்டு வாக்காளர் தகவல் அட்டை தபாலில் வந்தபோது அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டார்: “நாங்கள் வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை. தொகுதி மட்டும் எப்படி மாறியது?” எனக்கு வேண்டிய சொல் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்ராறியோ மாகாண சட்டமன்றத்திலும் இதே பெயரில் ஒரு தொகுதி இருந்தது. அது 2018 வரை நீடித்தது. 2016 செப்டெம்பர் 1ஆம் திகதி ஸ்காபரோ–ரூஜ் றிவரில் மாகாண இடைத்தேர்தல் நடந்து ரேமண்ட் சோ வென்றபோது, மத்தியில் அந்தப் பெயரில் தொகுதி இல்லாமற்போய் ஓராண்டு ஆகவிருந்தது. ஆகவே எந்த அவைக்கான தொகுதி என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரி நிற்கும்.

‘தொகுதி’ என்பதையே விட்டுவிட்டு ‘தேர்தல் மாவட்டம்’ என்று எழுதலாம் என்று போன வாரம் ஓர் அன்பர் எழுதியிருந்தார். கனடாவின் ஆங்கிலச் சட்டப் பெயருக்குச் சொல்லுக்குச் சொல் அது பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் இங்கே வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அங்கே தேர்தல் மாவட்டம் என்றால் விகிதாசார முறையில் பல உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் பெரிய அலகு. அப்படி 22 இருக்கின்றன. கெரியின் தந்தை வீ. ஆனந்தசங்கரி 1970இலும் 1977இலும் வென்றது கிளிநொச்சித் தொகுதியில். 2000இல் தெரிவானது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலிருந்து. அந்த ஒருவரின் வாழ்க்கையிலேயே இரண்டு சொற்களும் இரண்டு வெவ்வேறு முறைகளைக் குறித்துவிட்டன. ஓர் உறுப்பினரை மட்டும் அனுப்பும் கனடிய அலகுக்குத் ‘தொகுதி’யே சரி.

பேச்சு வழக்கில் கனடியர்கள் தொகுதியை ‘ரைடிங்’ என்கிறார்கள். குதிரைச் சவாரியோடு அதற்கு உறவில்லை. மூன்றில் ஒரு பங்கு என்ற பொருளுள்ள பழைய ஸ்காண்டிநேவியச் சொல் தேய்ந்து அப்படி ஆனது. இங்கிலாந்தின் யோர்க்ஷயர் வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மூன்றாகப் பிரிந்திருந்த காலத்துச் சொல். ஆகவே தமிழில் அதற்குத் தனிச் சொல் தேட வேண்டாம்.

இனி என் முன்மொழிவு: ‘கலைந்த தொகுதி’. கூட்டம் கலைந்தது என்கிறோம். கூட்டத்தில் இருந்தவர்கள் யாரும் அழியவில்லை. ஆளுக்கொரு பக்கம் போனார்கள், அவ்வளவுதான். தொகுத்தால் தொகுதி, தொகுத்தது பிரிந்தால் கலைவு. அம்மாவுக்கு அன்றைக்கே “தொகுதி கலைந்துவிட்டது, நாங்கள் இங்கேயே இருக்கிறோம்” என்று சொல்லியிருக்கலாம்.

குறைகளைத் தயங்காமல் எழுதுங்கள்.

மடல் 2: மதுரையிலிருந்து மறுமொழி

ஐயா, வணக்கம்.

‘முன்னாள்’ பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ‘கலைந்த’ என்பதில்தான் எனக்குத் தயக்கம். இங்கே கலைப்பு என்றாலே சட்டமன்றக் கலைப்புதான் நினைவுக்கு வரும். 2008 மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி போனது. அதன் ஊர்கள் திருச்சி, சிவகங்கை, ராமநாதபுரம், கரூர் என நான்கு பக்கம் சிதறின. அதை இங்கே ‘நீக்கப்பட்ட தொகுதி’ என்றுதான் எழுதுகிறோம். அதையே வைத்துக்கொள்ளலாமே? சுருக்கம் வேண்டுமென்றால் ‘பழந்தொகுதி’ என்றும் பார்க்கலாம், பழந்தமிழ் என்பதைப் போல.

மடல் 3: ஸ்காபரோவிலிருந்து

நன்றி, தம்பி. புதுக்கோட்டை நல்ல உரைகல்.

‘பழந்தொகுதி’ காதுக்கு இனிக்கிறது. ஆனால் நூறாண்டாக இன்றும் இருக்கிற தொகுதியையும் அப்படிச் சொல்லலாம், அதனால் விட்டுவிடுகிறேன். ‘நீக்கப்பட்ட’ என்றால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள் என்பதுவரை சரி. நிலமும் மக்களும் எங்கே போனார்கள் என்ற கேள்வி அதில் எழுவதே இல்லை. நீங்களே “நான்கு பக்கம் சிதறின” என்று எழுதியிருக்கிறீர்கள். ‘கலைந்த’ என்பதில் அந்தப் படம் உள்ளேயே இருக்கிறது.

அவைக் கலைப்போடு குழம்பும் என்பது நியாயமான அச்சம். அதற்கு இலக்கணமே கைகொடுக்கிறது. அவையைக் கலைக்கிறார்கள், அது ‘கலைக்கப்பட்ட நாடாளுமன்றம்’. தொகுதிக்கு எப்போதும் தன்வினையில் ‘கலைந்த’ என்றே எழுதுவோம். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சுக்கும் இது அவசியம்: எங்களிடம் ‘நாயைக் கலைத்தான்’ என்றால் துரத்தினான் என்று பொருள். ‘கலைத்த தொகுதி’ என்று எழுதினால் துரத்திவிட்ட தொகுதி என்றாகிவிடும்.

இதன் துணைச் சொல் ஒன்றும் இருக்கிறது. மறுவரையறை முடிந்ததும், போன தேர்தலின் வாக்குகளை வாக்கெடுப்புப் பிரிவு வாரியாகப் பிரித்துப் புதிய எல்லைகளுக்குள் சேர்த்துக் கணக்கிட்டு வெளியிடுகிறது கனடாத் தேர்தல் திணைக்களம். 2011 வாக்குகளையும் 2015க்கு முன் அப்படிக் கணக்கிட்டார்கள். ஒருவர் இதை ‘இடம்பெயர்த்த முடிவுகள்’ என்று தமிழாக்கியிருந்தார். இடம்பெயர்வு என்ற சொல் எங்கள் மக்களுக்கு வேறு ஒன்றைச் சொல்லும்; வாக்குக் கணக்குக்கு அதைப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ‘மறுபகிர்வு முடிவுகள்’ என்று வைக்கலாம்.

கட்டுரையின் முதல் வரி இப்போது இப்படி நிற்கிறது:

“ஸ்காபரோ–ரூஜ் றிவர், கனடிய நாடாளுமன்றத்தின் கலைந்த தொகுதி (1988–2015), அதன் பெரும்பகுதி ஸ்காபரோ வடக்கு, ஸ்காபரோ–ரூஜ் பார்க் தொகுதிகளில் சேர்ந்தது.”

ரூஜ் பார்க்கும் 2025 தேர்தலில் இல்லை; ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க் என்ற புதிய தொகுதி வந்துவிட்டது. அடுத்த கட்டுரை அதைப் பற்றியது. வேறு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன் பிறகு இரண்டையும் இந்தச் சொல்லோடு ஏற்றிவிடுகிறேன்.