புரோஸ்டேட் சத்திரசிகிச்சைக்குப் பின் சிறுநீர்க் கசிவு: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

குழு உறவுகளுக்கு வணக்கம். ஹட்டனுக்கு அருகே தோட்டமொன்றில் வசிக்கும் என் அப்பாவுக்கு, வயது 69, புரோஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி) வீக்கத்துக்காகச் சிறுநீர்ப் பாதை வழியாகச் சத்திரசிகிச்சை செய்து ஏழு வாரங்களாகின்றன. கதீட்டரை (சிறுநீரை வெளியேற்ற வைத்த குழாயை) கழற்றிய நாளிலிருந்து, இருமினாலும் வாளியைத் தூக்கினாலும் அவரை அறியாமலே சிறுநீர் கசிகிறது. அவசரம் வந்தால் லயத்தின் (தோட்ட வரிசை வீடுகளின்) கோடியிலுள்ள கழிப்பறை வரை தாங்குவதில்லை. பனி நாட்களில் சாரம் காயாததால், விடியுமுன்னே எழுந்து அதை அடுப்போரம் பிடித்து உலர்த்துகிறார். கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பெரிய வேதனை.

பெரும்பாலானோருக்கு இது சில மாதங்களில் சரியாகிவிடும் என்று வைத்தியர் கூறி, காற்றை அடக்குவது போல ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்கி, ஐந்து வினாடி வைத்துத் தளர்த்தும் பயிற்சியை, ஒரு தடவைக்குப் பத்து முறையாக நாளுக்கு மூன்று தடவை செய்யச் சொன்னார். அப்பாவோ மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்குகிறார். சரியான தசையை அவருக்கு எப்படி உணர்த்துவது? தேநீரைக் குறைத்ததில் உங்களில் யாருக்கேனும் பலன் தெரிந்ததா? (தண்ணீரைக் குறைக்க நான் விடவில்லை, சிறுநீர் அடர்ந்தால் சிறுநீர்ப்பை மேலும் எரிச்சலடையும்.) கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் இப்பயிற்சியைத் தமிழில் கற்றுத்தரும் இயன்மருத்துவர் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். இதைக் கடந்துவந்த ஐயாமார் யாராவது அப்பாவுடன் தொலைபேசியில் பேச முடிந்தால், என்றும் நன்றியுடையவளாக இருப்பேன்.