லைட் எரியுது, ரேடியோ பாடுது, கார் மட்டும் ஸ்டார்ட் ஆகலை. அவசரம்!

புதுசா_பிராம்ப்டன்:
அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். போன மாதம்தான் இங்கே கனடாவில், பிராம்ப்டனில் ஒரு பழைய கார் வாங்கினேன். இன்று காலை ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. லைட் எரிகிறது, ரேடியோ பாடுகிறது, ஹீட்டர் ஃபேன்கூடச் சுற்றுகிறது. அதனால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. மதியம் 2 மணிக்கு ஷிப்ட். புது வேலை, லீவு கேட்கவே முடியாது. ப்ளீஸ், சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்காபரோ_அண்ணை:
தம்பி, குளிர் தொடங்குற நேரத்தில ஏன் பழைய கார் வாங்கினீர்? ஆரிட்டையாவது கேட்டிருக்கலாமே. நாங்கள் வந்த புதுசில கார் ஏது? விடியப்புறம் பனிக்குள்ள நடந்து போய், பஸ் பிடிச்சு, சப்வே மாறி ஃபேக்டரிக்குப் போனனாங்கள். சப்பாத்துக்குள்ள தண்ணி போனால் பின்னேரம் வரைக்கும் அந்த ஈரக் காலோடதான் வேலை. இப்ப வாற பிள்ளையளுக்கு வந்த உடன கார் வேணும். சரி, பற்றரிதான். புதுசு போடும்.

தஞ்சாவூர்_டு_டொரோண்டோ:
தம்பி, பக்கத்து வீட்டில் ரெண்டு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லுங்க. செகண்ட் கியர் போட்டு, வேகம் பிடித்ததும் கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் வண்டி கிளம்பிடும். ஊரில் எங்கள் அம்பாசடருக்கு தினமும் காலையில் இதுதான் சுப்ரபாதம்.

மிசிசாகா_அக்கா:
இங்கே வண்டி பெரும்பாலும் ஆட்டோமேட்டிக், தம்பி. அதைத் தள்ளினால் இடுப்புதான் பிடித்துக்கொள்ளும். பூஸ்ட் கொடுங்கள், அதாவது இன்னொரு காரின் நல்ல பேட்டரியிலிருந்து கேபிள் வழியாகக் கரன்ட் கொடுங்கள். சிவப்பு கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டிவிட்டு, கடைசி முனையை உங்கள் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கவ்வ விடுங்கள். பேட்டரிமேல் வேண்டாம், பொறி பறக்கும்.

எட்மண்டன்_குளிரன்:
பூஸ்ட்டே கொடுக்காதீர்கள், காரின் கம்ப்யூட்டர் போய்விடும். ராத்திரி இன்ஜினைச் சூடாக வைக்கிற பிளாக் ஹீட்டரைக் கரன்ட்டில் மாட்டினீர்களா? எங்கள் ஊரில் மைனஸ் 30. நான் வந்த முதல் குளிர்காலத்தில் ராத்திரி வயரைச் சொருக மறந்தால் மறுநாள் வேலை இல்லை.

மிசிசாகா_அக்கா:
முறையாக மாட்டினால் ஒன்றும் போகாது. பிளஸ், மைனஸை மாற்றி மாட்டினால்தான் போகும்.

மாதாமாதம்_அழுகிறவன்:
கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பிராம்ப்டன் இன்ஷூரன்ஸ் மட்டும் நிற்காமல் ஓடும். ஒன்டாரியோவிலேயே அதிகம் பிடுங்குகிற ஊர்களில் நம் ஊரும் ஒன்று. ஊரில் இருபது வருடம் வண்டி ஓட்டிய கதையைச் சொன்னால் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பெண் சிரிக்கிறாள்.

ஸ்காபரோ_அண்ணை:
பார்க்கிங்கைச் சொல்லுங்கோ. பிராம்ப்டனில ராத்திரி 2 மணியில இருந்து 6 மணி வரைக்கும் ரோட்டில விட்டால் டிக்கெட். பேஸ்மென்டில இருக்கிற பெடியன் காரை எங்க விடுவான்? மேல் வீட்டுக்காரனுக்கு மூன்று கார்.

மாதாமாதம்_அழுகிறவன்:
அந்த மூன்றில் ஒன்று பனி உருகும் வரை அசையாது, அண்ணை. அதற்குத்தான் நல்ல இடம்.

ஸ்பேனர்_ஆச்சி:
போதும். பிள்ளைக்கு 2 மணிக்கு ஷிப்ட். தம்பி, லைட் எரிகிறது என்பதை வைத்துப் பேட்டரி நல்லது என்று சொல்ல முடியாது. லைட்டுக்கும் ரேடியோவுக்கும் பத்து, பதினைந்து ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு, இருநூறு வேண்டும். சாவியா, பட்டனா? திருப்பினால் என்ன சத்தம்? சடசடவென்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஒரே ஒரு 'டக்', லைட்டும் மங்கவில்லை என்றால் ஸ்டார்ட்டர். சத்தமே இல்லாவிட்டால் கியரை நியூட்ரலில் போட்டுப் பாருங்கள், கியர் P-யில் (பார்க்) இருப்பதை உணர்கிற சுவிட்ச் கெட்டிருக்கலாம். இன்ஜின் சுற்றியும் பற்றவில்லை, டேஷ்போர்டில் சாவிப் படம் மினுக்குகிறது என்றால் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு. 2007 செப்டம்பரிலிருந்து கனடாவில் புதுக் கார்களுக்கு அது கட்டாயம்.

புதுசா_பிராம்ப்டன்:
சாவிதான் ஆச்சி. ஆட்டோமேட்டிக். திருப்பினால் ஒரு 'டக்', உடனே டேஷ்போர்டு மொத்தமும் அணைந்துவிடுகிறது. சாவியை விட்டால் கொஞ்ச நேரத்தில் திரும்ப எரிகிறது. பானெட்டைத் திறந்தேன், பேட்டரியின் ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி அப்பியிருக்கிறது. முன்பே சொல்லியிருக்கணுமா?

ஸ்பேனர்_ஆச்சி:
ஆமாம் ராசா, அதுதான் வேண்டியிருந்தது. அந்தப் பொடி வழியாக லைட்டுக்குப் போதுமான கரன்ட் போகும், ஸ்டார்ட்டர் இழுக்கும்போது அறுந்துவிடும். சாவியை வெளியே எடுத்துவிடுங்கள். கையுறை போடுங்கள், பொடி கண்ணில் படக்கூடாது. நிறைய வண்டிகளுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். மைனஸை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள், ஈயம் பளிச்சென்று தெரிய வேண்டும். துடைத்துக் காயவைத்து, இப்போது பிளஸ்ஸை முதலில், மைனஸைக் கடைசியில் மாட்டி இறுக்குங்கள். கையால் திருகினால் அசையக்கூடாது. ஸ்பேனர் பிளஸ்ஸையும் பாடியையும் ஒன்றாகத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுசா_பிராம்ப்டன்:
ஆச்சி!!! ஒரே திருப்பு, பற்றிக்கொண்டது. ஷிப்ட் முடிய ராத்திரி 10 ஆகும். அதுவரை வெளியில் நின்றால் திரும்பவும் தகராறு செய்யுமா?

ஸ்காபரோ_அண்ணை:
நான் அப்பவே பற்றரி எண்டு சொன்னனான்.

ஸ்பேனர்_ஆச்சி:
அண்ணை, பற்றரி இல்லை, அதன் முனை. தம்பி, மல்டிமீட்டர் கிடைத்தால் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 13.5க்கும் 14.7 வோல்ட்டுக்கும் நடுவில் இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது. நாளைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒருமுறை: 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். பாதியோடு குளிரில் நிறுத்தாதீர்கள். பேட்டரிமேல் ஒட்டியிருக்கும் தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள், நான்கைந்து வருடம் ஆகியிருந்தால் ஜனவரிக்கு முன்பே மாற்றிவிடலாம். இன்றைக்கு பூஸ்டர் கேபிளை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், மணி ஆகிறது.