ஓடும் கணினியில் கார்டை உருவினால், செருகினால்: உங்கள் குறுக்கீட்டு (இன்டரப்ட்) அனுபவங்கள்

தனிமரம்:
இன்னும் மனத்தை அரிக்கிறது, அதனால் எழுதுகிறேன். லினக்ஸ், ஓடும்போதே கார்டைச் செருகி உருவக்கூடிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஹாட்பிளக் ஸ்லாட், தரவு சேகரிக்கும் கார்டு. டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), கார்டைச் செய்தவர்களே கொடுத்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் கார்டை உருவிவிட்டார். கேப்ஸ் லாக் விசையை அழுத்தினேன், விளக்கு எரியவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினேன். எரியவே இல்லை! பத்து விநாடி கழித்து சீரியல் கன்சோலில் 'ஹார்ட் லாக்கப்' (சிபியூ உறைந்துவிட்டது) என்று வந்து விழுந்தது. உருவிய கணத்தில் ஹேண்ட்லர், அதாவது சாதனம் சிபியூவைக் கூப்பிடும் குறுக்கீடு வந்ததும் ஓடும் டிரைவர் பகுதி, தன் சுற்றுக்குள் (லூப்) இருந்திருக்கிறது. கார்டின் நிலையைச் சொல்லும் ரெஜிஸ்டரில் ஏதாவது ஒரு பிட் 1 ஆக இருக்கும்வரை அந்தச் சுற்று நிற்காது. இல்லாத கார்டைப் படித்தால் எல்லா பிட்டும் 1 என்றுதானே வரும்? விசைப்பலகையின் குறுக்கீடும் அதே சிபியூவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் 1 என்றால் உடனே வெளியேறு என்று ஒரு வரி சேர்த்தேன், தீர்ந்தது.

வடகரை:
எனக்கு நடந்தது செருகும்போது. பழைய முறைக் குறுக்கீட்டுக் கம்பி, ஒரே எண்ணில் இரண்டு சாதனங்கள். புதிய கார்டு குறுக்கீட்டை எழுப்பியபடியே வந்தது. அதன் டிரைவர் இன்னும் ஏறவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாததால் கம்பி இறங்கவே இல்லை. 1,00,000 குறுக்கீடுகளில் 99,900-க்கு மேல் எந்த ஹேண்ட்லரும் 'என்னுடையது' என்று ஏற்காவிட்டால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த எண்ணையே மூடிவிடும். 'நோபடி கேர்ட்' என்ற அந்த வரியைப் பிறகுதான் பதிவில் பார்த்தேன். மூடியதில் செத்தது புதிய கார்டு அல்ல, அதே எண்ணில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நெட்வொர்க் கார்டு. நான் அதன் வழியாகத்தான் தொலைவிலிருந்து இணைந்திருந்தேன். பாதிக் கட்டளை தட்டியிருந்தபோது திரை நின்றது.

நிரலோடை:
தனிமரம், தீர்ந்தது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நீங்கள் சோதித்த அடுத்த கணமே கார்டு போகலாம். அதற்குப் பிறகு படிக்கும் ஒவ்வொரு ரெஜிஸ்டரும் குப்பைதான். வரிசை எண்ணைப் படித்து அதையே அட்டவணைச் சுட்டாகப் பயன்படுத்தும் டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு வரி காப்பாற்றாது.

நான் கண்டது வேறொன்று. டிரைவரைக் கழற்றியதும் ஹேண்ட்லர், விடுவித்த நினைவகத்தில் போய் விழுந்தது. குறுக்கீட்டைத் தானாக விடுவிக்கும் டெவ்எம் வகைப் பதிவு. டிரைவரின் நீக்கும் சார்பு (ஃபங்ஷன்) முடிந்த பிறகே அது விடுபடும். ஹேண்ட்லர் தொடும் பஃபரையோ (தரவு வைக்கும் நினைவகம்) அந்தச் சார்புக்குள்ளேயே கையால் விடுவித்திருந்தார்கள். அந்த இடைவெளியில் ஒரு குறுக்கீடு வந்தது, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் சாதனத்திடம் குறுக்கீட்டை நிறுத்தச் சொல்லுங்கள், கார்டு இன்னும் இருந்தால். அடுத்து, குறுக்கீட்டுப் பதிவை விடுவிக்கும் ஃப்ரீ_ஐஆர்க்யூ, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை அது காத்திருக்கும், எனவே ஹேண்ட்லருக்குள்ளிருந்து அதை அழைத்துவிடாதீர்கள். பிறகு ஹேண்ட்லர் கிளப்பிவிட்ட டைமர்கள், ஒத்திவைத்த வேலைகள். நினைவகம் கடைசி. சேர்க்கும்போது இதற்குத் தலைகீழ்: ஹேண்ட்லர் தொடப்போகும் எல்லாம் தயாரான பிறகே, ஹேண்ட்லரைப் பதிவுசெய்யும் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ. பகிர்ந்த கம்பியில் பதிவுசெய்த மறுகணமே, பக்கத்துச் சாதனத்தின் குறுக்கீட்டால் உங்கள் ஹேண்ட்லர் அழைக்கப்படலாம். கெர்னலைக் கட்டும்போது டீபக்_ஷிர்க் தெரிவை இயக்குங்கள். பகிர்ந்த குறுக்கீட்டை விடுவிக்கும்போது ஹேண்ட்லரை வேண்டுமென்றே இன்னொரு முறை அழைத்துப் பார்க்கும். என் கையில் வரும் எந்த டிரைவரையும் அது இல்லாமல் நான் ஏற்பதில்லை.

இரவுப்பணி:
பகிர்ந்த கம்பியெல்லாம் பழங்கதை, வடகரை. எம்எஸ்ஐ என்ற செய்திவழிக் குறுக்கீட்டின் விரிவான எம்எஸ்ஐ-எக்ஸில், குறுக்கீடு என்பது கம்பியை எழுப்புவதல்ல, ஒரு நினைவக முகவரிக்குச் சாதனம் எழுதுவது, அவ்வளவே. பகிர்வுச் சண்டை இல்லை, ஒரு சாதனம் 2048 வரை வைத்துக்கொள்ளலாம். என் தொல்லை அங்கேதான் தொடங்கியது. எக்ஸ்86-இல் ஒரு சிபியூவுக்கு வெக்டர்கள் (குறுக்கீட்டு எண்கள்) 256, முதல் 32 சிபியூவின் சொந்தப் பிழை போன்ற விதிவிலக்குகளுக்கு. ஏற்கெனவே நிரம்பிய சர்வரில் இன்னொரு கார்டைச் செருகினோம். பட்டியலில் கார்டு தெரிகிறது, இடைமுகம் வரவில்லை. சிபியூவுக்கு ஒரு வெக்டர் வீதம் கேட்ட டிரைவர், குறைவாகக் கிடைத்ததும் மொத்தமாகக் கைவிட்டுவிட்டது. குறைந்தது ஒன்று, அதிகபட்சம் இத்தனை என்று கேட்டிருந்தால் மெதுவாகவாவது ஓடியிருக்கும்.

வடகரை:
பழங்கதை என்று தள்ளாதீர்கள். என்னுடையதும் எம்எஸ்ஐ தெரிந்த கார்டுதான். டிரைவர் ஏறிக் கேட்டால்தானே கெர்னல் அதைக் கொடுக்கும்? கேட்கும்வரை அந்தக் கார்டுக்குப் பழைய கம்பிதான் வழி, என் நெட்வொர்க் கார்டு போனதும் அந்த இடைவேளையில்தான்.