‘ஃபோர்!’ என்றார்கள், கை தட்டினேன்

(கோல்ஃப் சொற்களில் தடுக்கி விழுந்த சிலர், ஒருவர் பின் ஒருவராகச் சொன்னவை.)

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த காதுக்கு ‘ஃபோர்’ என்றால் ஒரே அர்த்தம்தான். கோல்ஃப் பழகப் போன இரண்டாம் நாள், பக்கத்து ஆட்டக்காரர்களில் ஒருவர் தொண்டை கிழிய ‘ஃபோர்!’ என்று கத்தினார். அடடா, நல்ல அடி போலிருக்கிறதே என்று அந்தப் பக்கம் திரும்பிக் கை தட்டினேன். தட்டி முடிப்பதற்குள் என் காலுக்கு ஓரடி தள்ளி ‘டப்’ என்று பந்து விழுந்து எகிறிப் போனது. கூட வந்த நண்பர் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்திருந்தார். நிமிர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “யாருக்குக் கை தட்டினீங்க?”

‘முன்னால் இருப்பவர்களே, பந்து உங்கள் பக்கம் வருகிறது, தலையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்’ என்பதைத்தான் அப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு. ஆனால் வருகிற வேகத்தில் அது கல். அந்தச் சத்தம் கேட்டால் எங்கே என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. மூடு, குனி, அவ்வளவுதான்.

‘பார்’ என்ற சொல்லிலும் விழுந்தேன். சொல்லிக்கொடுத்தவர் முதல் குழிக்கான இடத்தில் நின்று “இது பார் நாலு” என்றார். நானும் பார்த்தேன். நாலாக எதுவும் தெரியவில்லை. தூரத்தில் ஒரே ஒரு கொடி பறந்தது. “எதை சார் பார்க்கணும்?” என்று கேட்டே விட்டேன். கைதேர்ந்த ஒருவர் அந்தக் குழியில் பந்தைப் போட எத்தனை அடி எடுத்துக்கொள்வார் என்ற கணக்குதான் பார். குழிக்குக் குழி அது 3, 4, 5 என்று மாறும். 18 குழிகளையும் கூட்டினால் பல மைதானங்களில் 72 வரும். நான் அன்றைக்கு ஒன்பதாவது குழியிலேயே 72-ஐத் தொட்டுவிட்டேன். வீட்டில் பெருமையாகச் சொல்லவும் சொன்னேன். குறைவாக அடிப்பவர்தான் ஜெயிப்பார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அப்புறம் இந்த ‘விஃப்’. முழு பலத்தோடு மட்டையை வீசுகிறோம், காற்று ‘விஷ்’ என்கிறது, பந்து மட்டும் டீ என்கிற சிறு குச்சியின் மேல் உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறது. “சும்மா வீசிப் பார்த்தேன்” என்று சமாளித்தேன். செல்லாதாம். அடிக்கும் எண்ணத்தோடு வீசியிருந்தால் படாவிட்டாலும் அது ஓர் அடி. அதே நேரம், அடிக்கத் தயாராகும்போது மட்டை தெரியாமல் இடித்து, டீயிலிருந்து பந்து உருண்டு விழுந்தால் அபராதம் இல்லை. எடுத்துத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். பந்தைத் தொடாதது அடி, தொட்டது அடி இல்லை. என்ன நியாயமோ!

* * *

கை தட்டியதாவது பரவாயில்லை. அறிமுகமான இரண்டாவது நிமிடத்தில் ஒருவர் என்னிடம் “உங்க ஹேண்டிகேப் என்ன?” என்று கேட்டார். முன்பின் தெரியாதவர் இப்படியா கேட்பார் என்று மனதுக்குள் சுருக்கென்றது. இருந்தாலும் மறைப்பானேன் என்று, “இடது முழங்கால்தாங்க, படி ஏறினா வலிக்கும்” என்றேன். பாவம், அவர் சிரிக்கவில்லை. “நான் கேட்டது நம்பர்” என்று மெதுவாகச் சொன்னார்.

ஹேண்டிகேப் என்பது நமக்குக் கிடைக்கும் சலுகைக் கணக்கு. பார் 72 உள்ள மைதானத்தில் சலுகை 18 உள்ளவர் 90 அடித்தால், அந்த 18-ஐக் கழித்து 72 என்று எடுத்துக்கொள்வார்கள். நேற்று சேர்ந்தவரும் இருபது வருடம் ஆடியவரும் ஒரே போட்டியில் மோதலாம், தோற்கவும் வைக்கலாம். இந்தத் தாராளம்தான் எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்தது. 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் உச்சவரம்பு 54, அதாவது குழிக்கு மூன்று. நான் எங்கே இருக்கிறேன் என்று ஊகித்திருப்பீர்கள்.

பறவைக் கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பாரைவிட ஒன்று குறைவாக முடித்தால் பர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், மூன்று குறைந்தால் ஆல்பட்ராஸ். பிரமாதமான எதையும் ‘பேர்ட்’ என்று சொல்வது ஒரு காலத்தில் அமெரிக்கப் பேச்சு வழக்கு. அதிலிருந்து பர்டி வந்தது, பிறகு பெரிய பெரிய பறவைகளாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1935-இல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியில் ஜீன் சாரசன் என்ற ஆட்டக்காரர் ஓர் ஆல்பட்ராஸ் போட்டார். பதினைந்தாவது குழி, பார் 5. சுமார் 235 கெஜத்திலிருந்து அடித்த இரண்டாவது அடியே நேராகக் குழிக்குள் போய்விட்டது. மூன்று அடி பின்தங்கியிருந்தவர் அந்த ஒரே அடியில் சமன் செய்து, மறுநாள் சமனை முறிக்க நடந்த பிளே ஆஃபில் ஜெயித்தார்.

என் வாழ்க்கையில் ஒரே ஒரு பர்டி. பார் 3 குழி. பந்து நேராகப் போய் மரத்தில் மோதி, அங்கிருந்து குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனில் குதித்து, குழிக்கு ஒரு ஜாண் பக்கத்தில் நின்றது. மரத்திலிருந்து வந்ததால் பறவைதானே!

பாரைவிட ஒன்று அதிகமானால் போகி. இங்கிலாந்தில் 1890களில் பூச்சாண்டியைக் குறித்த சொல்லிலிருந்து இது வந்தது. அந்தப் பூச்சாண்டி எனக்குத் தோழன். இரட்டைப் போகி இல்லாமல் வீடு திரும்பினால் அன்று நல்ல நாள்.

* * *

‘லை’யை விட்டுவிட்டீர்களே. ஒரு குழியில் எட்டு அடித்துவிட்டு அட்டையில் ஆறு என்று எழுதினேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். அடுத்த குழியில் என் பந்தைக் குனிந்து பார்த்த மூத்தவர் ஒருவர், “நல்ல லை தம்பி” என்றார். ஆங்கிலத்தில் லை என்றால் பொய்யாச்சே, எனக்கு வியர்த்துவிட்டது. “மன்னிச்சிடுங்க ஐயா, எட்டுதான்” என்று சொல்லி அட்டையைத் திருத்தினேன். பந்து புல்லில் கிடக்கும் நிலைக்குத்தான் லை என்று பெயர். அவர் சொன்னது, பந்து அடிக்க வசதியாகக் கிடக்கிறது என்று. மனுஷன் இன்று வரை அந்த எட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பங்கரைப் பற்றி ஒரு வரி: அந்த மணல் பள்ளத்தில் அடிப்பதற்கு முன்னால் ஒத்திகை பார்க்கும்போது மட்டை மணலைத் தொட்டால் இரண்டு அடி அபராதம். நான் கோலம் போடுகிற மாதிரி மணலைக் கிளறிவிட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

* * *

முதலில் கை தட்டியவன்தான், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. முதல் அடி கெட்டுப்போனால் நண்பர்கள் கணக்கில் சேர்க்காமல் இன்னொரு தடவை அடிக்க விடுவார்கள், அதற்கு மல்லிகன் என்று பெயர். விதிப் புத்தகத்தில் தேடாதீர்கள், இருக்காது. கிம்மி என்பது வேறு: பந்து குழியை ஒட்டி நின்றால், ‘போட்டாச்சுன்னு வெச்சுக்கலாம், எடுத்துக்கோங்க’ என்று எதிராளி விட்டுக்கொடுப்பது. ஒருவருக்கொருவர் மோதும் மேட்ச் பிளேயில் இது விதிப்படியே செல்லும். மொத்த அடியை எண்ணும் போட்டியில் செல்லாது.

போன வாரம் நண்பர் எனக்குக் கிம்மி கொடுத்தார். பந்துக்கும் குழிக்கும் நடுவே இரண்டு மீட்டர் இருந்தது. இவ்வளவு தூரத்துக்கா என்று கேட்டேன்.

“இருட்டுது சார்” என்றார்.