மந்திரக்காரருக்கு நெல்லைச் சீமை உடை: எங்கிருந்து தொடங்குவது?

பாளை ஓவியன்:
வணக்கம். பாளையங்கோட்டையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, பொதிகை மலையடிவாரத்தைக் களமாகக் கொண்ட மாயாஜாலக் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறோம். வாள்வீரனுக்கும் வில்லாளிக்கும் உடை அமைந்துவிட்டது. மந்திரக்காரரிடத்தில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது. எப்படி வரைந்தாலும் நீண்ட அங்கியும் கூம்புத் தொப்பியும் வந்துவிடுகின்றன. சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் சாமியாடி கட்டும் சல்லடத்தையும் கச்சையையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணம் என்பதால், திரையில் உருவம் கட்டைவிரல் உயரமே இருக்கும் என்பதையும் கருத்தில் கொண்டு வழி சொல்லுங்கள்.

தென்காசிக் கோடுகள்:
அங்கியையும் தொப்பியையும் வெறும் பழக்கம் என்று தள்ளிவிட முடியாது. இரண்டும் ஆட்ட விதியிலிருந்தும் திரையின் நெருக்கடியிலிருந்தும் வலுப்பெற்றவை. 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் மேசை விளையாட்டில் மந்திரக்காரர் கவசம் அணியக் கூடாது என்பது விதி. அடி தாங்காதவர், ஆகவே பின்னால் நிற்பவர் என்பதைத் துணியே சொல்லிவிடும். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டு வரை மந்திரக்காரர் துணி உடையோடு நிற்பதும் இந்த வழியில்தான். 1987இல் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டசி விளையாட்டில் கறுப்பு மந்திரக்காரரின் உருவம் 16 பிக்சல் அகலமே கொண்டது. அது ஓடிய நின்டெண்டோ ஃபேமிகாம் கருவியில் உருவத் துண்டு ஒன்றுக்கு மூன்று நிறங்கள்தாம் கிடைக்கும். மஞ்சள் தொப்பி, நீல அங்கி, நிழலுக்குள் இரண்டு கண்கள்: முகமே வரையாமல் ஆளை அடையாளம் காட்டிவிட்டார்கள். உங்கள் கட்டைவிரல் உருவத்துக்கும் இதே சிக்கல்தான்.

ஆகவே நாட்டார் உடையில் எதை எடுப்பது என்பதற்கு முன்னால், உங்கள் மந்திரக்காரருக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது, அதற்கு அவர் எதை விலையாகக் கொடுக்கிறார் என்று முடிவு செய்யுங்கள். எல்டன் ரிங் விளையாட்டில் மந்திரக் கழகத்தாரின் கல் தலைகளை அணிந்தால் அறிவு கூடும். ஆனால் உயிரோ உடல்வலுவோ குறையும். முகத்தை முழுக்க மூடிய அந்தக் கனத்த தலையைப் பார்த்ததுமே, இவர்கள் மந்திரத்துக்காக எதையோ இழந்தவர்கள் என்பது விளங்கிவிடுகிறது. உடை வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். வேட்டியின் கரையை மாற்றுவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கொடைக்காரர்:
தம்பி, உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. சாமியாடி மந்திரக்காரர் அல்லர். அவர் எதையும் ஏவுவதில்லை. தெய்வம் அவர் மேல் வந்து இறங்குகிறது. விரதம் இருந்து, கொடையன்று கட்டுகிற அந்தச் சல்லடத்தைக் காசு கொடுத்து வாங்கும் ஆட்டப் பொருளாகக் கடையில் தொங்கவிட்டால், எங்கள் பக்கத்தில் பலருக்கு நெஞ்சு வலிக்கும். சுடலைமாடன் வில்லுப்பாட்டிலேயே மாடனோடு மோதும் மலையாள மந்திரவாதி தனியாக வருகிறார். உங்களுக்கு வேண்டியவர் அவரைப் போன்றவர்தான். பாட்டில் அவர் உடையைப் பற்றிப் பெரிதாக வர்ணனை இல்லாததால் உங்கள் கைக்கும் இடம் இருக்கிறது.

ஆனால் உடையின் வேலையைக் கற்றுக்கொள்ளத் தடையில்லை. சல்லடம் என்பது முழங்கால் அளவுக் காற்சட்டை. அதன் ஓரத்தில் சிறு மணிகள் தைத்திருக்கும். மகுடம் என்னும் பறையின் அடி ஏற ஏற, சாமியாடி இன்னும் எழுந்து ஆடாத நிலையிலேயே அவருடைய தொடை நடுங்கி, மணிகள் மெல்லக் குலுங்கும். கூட்டத்தில் பின்னால் நிற்பவருக்கு அந்த ஒலிதான் முதல் செய்தி. முன்னால் நிற்பவர்கள் அதைக் கேட்டே விலகி இடம் விடுவார்கள். இன்னொன்று: பல கோயில்களில் சாமியாடி தலையில் உயரமான குல்லாய் வைப்பார். கூம்புத் தொப்பிக்கு அஞ்சி ஓடும் தாங்கள் அதைப் பார்த்தால் என்ன சொல்வீர்களோ!

பாளை ஓவியன்:
அண்ணாச்சி, மிக்க நன்றி. அப்படியானால் மந்திரம் பிறப்பதற்கு ஒரு நொடி முன்னால் உடையில் ஏதோ ஒன்று அசைந்து ஒலிக்க வேண்டும். எதிராளி அதைக் கேட்டு விலகிக்கொள்ளலாம். சல்லடத்தை விட்டுவிடுகிறோம். இடுப்புக் கயிற்றில் தாயத்துகளும் செப்புத் தகடு சுருட்டிய குழல்களும் தொங்கவிடலாமா? ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு தகடு கரியாகிவிடும் என்று வைத்தால் விலையும் கண்ணுக்குத் தெரிந்துவிடுமே.

தென்காசிக் கோடுகள்:
கருத்து நன்று, இடம் தவறு. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் இடுப்பு பெரும்பாலும் தோளுக்கும் கைக்கும் கீழே மறைந்துவிடும். டோட்டா 2 விளையாட்டுக்காக வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஓவிய வழிகாட்டியில், பாதத்தில் இருள், மேலே போகப் போக வெளிச்சம் என்று நிறத்தை அமைக்கச் சொல்லியிருப்பது பார்வையை உடலின் மேற்பகுதிக்கு இழுப்பதற்காகத்தான். ஆகவே தகடுகளைத் தோளிலிருந்து மார்புக்குக் குறுக்காக ஓடும் பட்டையில் கோத்துவிடுங்கள். வேட்டியை அடர்ந்த காவியாகவோ கரும்பச்சையாகவோ வைத்தால் செம்பின் மினுக்கம் எடுப்பாகத் தெரியும். கரியான தகட்டை மட்டும் மங்கச் செய்தால், மீதம் எத்தனை மந்திரம் என்பதைக் காட்டத் திரையோரத்தில் தனி அளவுகோலே தேவைப்படாது.

நிரலாளர் வீரவநல்லூர்:
ஒரு நடைமுறைச் செய்தி. ஒவ்வொரு தகட்டுக்கும் இயற்பியல் கணக்கிட்டு ஊசலாடவிட்டால் அவை உடலுக்குள் புகுந்து மறுபக்கம் எட்டிப் பார்க்கும். சாதாரணக் கைப்பேசியில் ஆட்டமும் திணறும். பட்டை முழுமைக்கும் அதை அசைக்கும் உள்மூட்டுகளாக மூன்று நான்கு ‘எலும்புகள்’ வைத்து, மந்திர அசைவைக் கையாலேயே அமைத்துவிடுங்கள். தகடுகள் குலுங்கும் ஒலியை அசைவின் முதல் படச்சட்டத்திலேயே (frame) தொடங்குங்கள். தகடு ஒளிர்வது அதற்குச் சற்றுப் பின்னால் வரட்டும்.