இடிப்பதா, பழுதுபார்ப்பதா: அந்த மூன்றில் இரண்டு பங்குக் கணக்கு

வடக்குவாசி:
நம் நடுநிலைப் பள்ளியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கான பத்திர வாக்கெடுப்பு, அதாவது கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டிச் சொத்துவரியால் அடைக்க மக்களின் ஒப்புதலைக் கேட்கும் வாக்கெடுப்பு, நவம்பரில் வருகிறது. இதில் விவாதிக்க எதுவுமே இல்லை. பழுதுபார்க்கும் செலவு புதுக் கட்டடச் செலவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் இடித்துவிட வேண்டும் என்பது ஒஹாயோ மாநில விதி; நம் பள்ளி அதைத் தாண்டிவிட்டது. புதுக் குடியிருப்புகள் பெருகிக்கொண்டே போகின்றன, பிள்ளைகளோ வளாகத்தில் தற்காலிகமாக வைத்த டிரெய்லர் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர்ப்பவர்கள் யாரென்று பார்த்தால், தங்கள் பிள்ளைகளை எப்போதோ படிக்கவைத்து முடித்துவிட்டவர்கள்தாம்.

கல்தச்சன்:
"விவாதிக்க எதுவுமே இல்லை" என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகு பேசாமல் போக முடியவில்லை. டிரால்ஃப் வழக்கில் 1997ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் பள்ளி நிதிமுறை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பள்ளிக் கட்டட ஆணையம் அமைந்தது. மாநில நிதி தருவதற்காக அந்த ஆணையம் வைத்துக்கொண்ட அளவுகோல்தான் நீங்கள் சொல்லும் மூன்றில் இரண்டு பங்கு; இடித்தே ஆக வேண்டும் என்ற கட்டளை அன்று. விலக்குக் கேட்கவும் இடமுண்டு. அதைவிடப் பெரிய கோளாறு, பள்ளிகளை நடத்தும் நம் பள்ளி மாவட்டம் வெளியிட்ட செலவு அட்டவணையில் இருக்கிறது. பழைய கட்டடத்திலுள்ள, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸை அகற்றும் செலவைப் பழுதுபார்ப்புப் பக்கத்தில் மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். கட்டடத்தை இடிப்பதற்கு முன்பும், நொறுங்கித் தூளாகக்கூடிய ஆஸ்பெஸ்டாஸை அகற்றியாக வேண்டும் என்பது கூட்டரசின் விதி. ஓர் உதாரணத்துக்கு, புதுக் கட்டடம் 30 மில்லியன் டாலர், பழுதுபார்ப்பு 21 மில்லியன், அதற்குள் ஆஸ்பெஸ்டாஸ் வேலை 2 மில்லியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 70 சதவீதம். அந்த 2 மில்லியனை இடித்துக் கட்டும் பக்கத்திலும் சேர்த்தால் 32க்கு 21 ஆகிறது. மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு வரியை எங்கே எழுதுகிறோம் என்பதில் ஒரு பள்ளியின் ஆயுள் தொங்குகிறது.

இருபிள்ளைத்தாய்:
நீங்கள் சதவீதம் பேசிக்கொண்டிருக்கும்போது என் மகள் கழிப்பறைக்குப் போவதற்காக மழையில் டிரெய்லரிலிருந்து பிரதானக் கட்டடத்துக்கு ஓடுகிறாள். கதவு உள்ளிருந்து பூட்டியிருப்பதால் யாராவது வந்து திறக்கும்வரை நனைந்தபடி நிற்கிறாள். தற்காலிகம் என்று சொல்லித்தான் அவற்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். படிக்கட்டுப் பலகை உளுத்துப்போயும் அவை அங்கேயேதான் நிற்கின்றன.

வடக்குவாசி:
கல்தச்சன் அவர்கள் பாதியைச் சொல்லி மீதியை மறைக்கிறார். நல்ல நிலையிலுள்ள ஆஸ்பெஸ்டாஸ் தரைவில்லைகளை அகற்றாமலேயே இடிக்க அதே கூட்டரசு விதி இடம் கொடுக்கிறது. அப்படியிருக்க, இரண்டு பக்கமும் ஒரே தொகை என்று எப்படி எழுதுவது? தவிர, எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு என்ற எல்லைக்கோட்டை மாற்றிய காலத்திலும் இவர் இதே போல ஓர் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் அலைக்கழித்ததை நாங்கள் மறந்துவிடவில்லை.

கல்தச்சன்:
தரைவில்லையைப் பழுதுபார்க்கும்போதும் அகற்றத் தேவையில்லை, மேலே வேறு தரை போட்டு மூடிவிடலாம். ஆகவே அந்தச் சலுகை இரண்டு பக்கத்துக்கும் உரியது. பணம் தின்பது வெந்நீர், நீராவிக் குழாய்களைச் சுற்றியுள்ள ஆஸ்பெஸ்டாஸ் உறை. 1986ஆம் ஆண்டின் ஆஸ்பெஸ்டாஸ் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியும் ஒரு மேலாண்மைத் திட்டக் கோப்பை வைத்திருக்க வேண்டும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்ய வேண்டும், கேட்பவர்களுக்குக் காட்டவும் வேண்டும். நான் கேட்டு வாங்கிப் படித்தேன். கொதிகலன் அறையிலிருந்து கிளம்பும் குழாய்களின் ஒவ்வொரு முழங்கை வளைவிலும் வெள்ளைப் பூச்சு, துணிச்சுற்று, அதன்மேல் வண்ணம் என்று அறைவாரியாக எழுதியிருக்கிறது. அது நொறுங்கும் வகை. இடித்தாலும் அகற்ற வேண்டும், இடிக்காவிட்டாலும் அகற்ற வேண்டும். அந்தத் தொகை ஏன் ஒரு பக்கத்தில் மட்டும் நிற்கிறது? எல்லைக்கோட்டைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதற்கும் நான் தயார்; அன்று உங்கள் தெருவைப் பழைய பள்ளியிலேயே விட்டுவைக்கக் கையெழுத்துத் திரட்டியவர் யார் என்பதையும் அப்போது பேசுவோம்.

கணக்குப்பிள்ளை:
இருவருமே முக்கியக் கேள்வியை விட்டுவிட்டீர்கள். பழுதுபார்த்த கட்டடத்தில் இருக்கைகள் கூடுமா? வளரும் மாவட்டத்தில் விகிதத்தைவிட இடம்தான் முதல் கணக்கு. செலவையும் வாக்காளருக்குப் புரியும்படி சொல்லுங்கள். ஒஹாயோவில் வீட்டின் சந்தை மதிப்பில் 35 சதவீதத்துக்குத்தான் வரி. ஒரு மில் என்பது வரிமதிப்பில் ஆயிரத்துக்கு ஒரு டாலர். ஆக 3,00,000 டாலர் வீட்டுக்கு மில் ஒன்றுக்கு ஆண்டுக்கு 105 டாலர் வரும். இந்தப் பத்திரப் பணத்தில் ஆசிரியர் சம்பளம் கொடுக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதுப் பள்ளிக்கு ஆள் வைக்கத் தனி வரி வாக்கெடுப்பு பின்னாலேயே வரக்கூடும்.

வடக்குவாசி:
இருக்கைகள் கூடாது என்பதால்தானே இடிக்கச் சொல்கிறோம்! கலிஃபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு பள்ளிப் பத்திரங்களுக்கு வேண்டிய ஆதரவை மூன்றில் இரண்டு பங்கிலிருந்து 55 சதவீதமாகக் குறைத்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் இன்றும் 60 சதவீதம் வேண்டும். இங்கே சாதாரணப் பெரும்பான்மை போதும். அதையும் கெடுக்கத்தான் இந்த ஆஸ்பெஸ்டாஸ் புராணம்.

கல்தச்சன்:
இருக்கைகள் போதவில்லையென்றால் விரிவுக் கட்டடம் என்ற வழியையும் வைத்து மூன்று திட்டங்களுக்கும் விலை போடச் சொல்லுங்கள். எதிர்ப்புச் சொல்ல மாட்டேன். எடுத்துக்கொண்ட கேள்வி அதுவன்று. குழாய் உறையை அகற்றும் தொகை இடிப்புப் பக்கத்தில் ஏன் இல்லை? நான் கேட்பது புராணம் என்றால், கோப்பின் எந்தப் பக்கம் பொய் என்று சொல்லுங்கள்.

இருபிள்ளைத்தாய்:
இந்த இழையில் டிரெய்லரைப் பற்றி நான் எழுதியதற்கு இதுவரை ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

வடக்குவாசி:
அம்மையாரே, உங்களுக்காகத்தான் நான் வாதாடுகிறேன். கல்தச்சன் அவர்களைக் கேளுங்கள், விரிவுக் கட்டடம் எழும்வரை உங்கள் மகள் எங்கே உட்காருவாள் என்று.

கல்தச்சன்:
புதுப் பள்ளி எழும்வரை எங்கே உட்காருவாளோ, அங்கேதான். இரண்டுக்கும் காலம் பிடிக்கும். அந்தப் பூட்டிய கதவுக்கு மட்டும் வாக்கெடுப்பு வேண்டியதில்லை. அம்மையார் பள்ளி வாரியத்துக்கு எழுதட்டும், நானும் கையெழுத்திடுகிறேன். குழாய் உறைக்கு இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.